பொய் சொல்லாமல் தப்பிய சாட்சி: சீனம் பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலப் பொய்ச் சொற்களைக் கற்பிக்க ஒரு நிகழ்வு ஆய்வு

சாமுவேல் பிரான்ஸ்டன் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். 1958 முதல் 1964 வரை ஐரோப்பாவின் பல இடங்களில் பெரும் செலவில் படங்களை எடுத்த அமெரிக்கக் கம்பெனிக்கு அவரே தலைவர், அவர் ஒருவரே உரிமையாளர். படப்பிடிப்பு வெளிநாட்டில் என்பதால் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளும் ஏராளம். 1962இல் மட்டும் ஐந்து நாடுகளில் 37 கணக்குகள் கம்பெனி பெயரில் இருந்தன. 1964 ஜூனில் கடனை அடைக்க முடியாமல் கம்பெனி திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டது. சொத்து எங்கெங்கே இருக்கிறது என்று கடன் கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கான விசாரணை 1966 ஜூன் 10 அன்று நடந்தது. பிரான்ஸ்டன் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுச் சாட்சி சொன்னார். கடன் கொடுத்த தரப்பின் வழக்கறிஞர் கேட்ட கேள்விகளில் இரண்டு:

"சுவிஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு ஏதாவது இருக்கிறதா, மிஸ்டர் பிரான்ஸ்டன்?"

"இல்லை, சார்."

"எப்போதாவது இருந்ததா?"

"கம்பெனிக்கு அங்கே ஓர் ஆறு மாதம் போலக் கணக்கு இருந்தது, சூரிக்கில்."

வழக்கறிஞர் அதோடு விட்டுவிட்டு, பினாமிகள் யாருக்காவது சுவிஸ் கணக்கு உண்டா என்ற கேள்விக்குப் போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது: 1959 அக்டோபர் முதல் 1964 ஜூன் வரை, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், ஜெனீவாவில் இன்டர்நேஷனல் கிரெடிட் பேங்கில் பிரான்ஸ்டனின் சொந்தப் பெயரிலேயே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. அதன் வழியே 1,80,000 டாலருக்கும் மேல் போய்வந்திருக்கிறது. விசாரணை நாளில் அந்தக் கணக்கு இல்லை, ஆகவே முதல் பதில் உண்மை. கம்பெனிக்குச் சூரிக்கில் கணக்கு இருந்ததும் உண்மை. இரண்டாவது கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை; பதில் போலத் தோன்றும் வேறொரு உண்மையைச் சொன்னார்.

பொய்ச்சாட்சி சொன்னதாக அவருக்குக் கீழ்நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். 1973 ஜனவரி 10 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: அந்தப் பதில் கேள்வியிலிருந்து நழுவுவதற்காகச் சாமர்த்தியமாகத் திட்டமிடப்பட்டதாகவே இருக்கலாம், ஆனாலும் சொன்ன சொல் உண்மையாக இருக்கும்போது அது பொய்ச்சாட்சி ஆகாது. சாட்சி நழுவினால் அதைக் கவனித்து அவரை மீண்டும் கேள்விக்குள் இழுத்துவருவது வழக்கறிஞரின் வேலை.

சட்ட மாணவர்களுக்கு இது பழகிய வழக்கு. சீனம் பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் பொய்ச் சொற்களைக் கற்பிக்கவும் இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது கடினம் என்பது எங்கள் கருத்து. லை (பொய் சொல்), டிசீவ் (ஏமாற்று), மிஸ்லீட் (தவறாக எண்ணவை), கன்சீல் (மறை), இவேட் (நழுவு), பெர்ஜரி (பொய்ச்சாட்சி) என்று அகராதிகள் ஒன்றுக்கொன்று பொருளாகக் காட்டும் சொற்கள் எல்லாம் நான்கு வரி உரையாடலின் மேல் வந்து நிற்கின்றன. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதில் ஒரு மனிதரின் தண்டனையே தொங்கிக்கொண்டிருந்தது.

சிக்கல் பியெனில்

சீனத்தில் இந்தப் பரப்பை ஆளும் வினைச்சொல் பியென். விற்பனைக்காரர், கணவர், குழந்தை, மோசடிக் கும்பல் என்று யார் செய்தாலும் பியென்தான். இருமொழி அகராதியில் இதற்கு நேராக டிசீவ், சீட் (cheat), ஃபூல் என்று இருக்கும். இவற்றில் சீட் சிறிய சொல். தேர்வறைப் பின்னணியில் ஆரம்பத்திலேயே அறிமுகமாகிவிடுகிறது. அதனால் பியென் வரும் இடத்திலெல்லாம் சீட் ஏறிக்கொள்கிறது. நண்பன் வயதைக் கூட்டிச் சொன்னால்கூட "யூ சீட்டட் மி". ஆங்கிலம் பேசுபவர் காதில் இது 'என் பணத்தை அடித்துக்கொண்டாய்' என்றோ, 'விதியை மீறி என்னை ஜெயித்தாய்' என்றோ விழும். கேட்டவர் குழம்பிப்போவார், சொன்னவருக்குக் காரணம் புரியாது.

சீனத்தில் பொய் சொல்வதற்கென்றே ஷுவோஹுவாங், சாஹுவாங் என்ற சொற்கள் இருக்கின்றன. இவை ஆங்கில லையோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். தவறான எண்ணத்தை உண்டாக்குவதற்கு வூதாவ் உண்டு. மிஸ்லீடுக்கு அது நல்ல இணை. மறைப்பதற்கு மான், யின்மான் என்ற சொற்கள் இருக்கின்றன. ஆக, ஆங்கிலம் பிரித்துவைத்திருப்பதைச் சீனத்தாலும் பிரிக்க முடியும். மாணவர்கள் பிரிக்காததற்குக் காரணம், பியென் என்ற ஒரே வாசல் வழியாக எல்லாவற்றுக்கும் போய்ப் பழகியிருப்பதுதான். பாடத்தை அந்த வாசலிலிருந்து தொடங்கினால் பாதி வேலை அங்கேயே கெட்டுவிடும். சாஹுவாங்கிலிருந்தும் வூதாவிலிருந்தும் தொடங்க வேண்டும். பியெனைக் கடைசியில் கொண்டுவந்து, அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை என்று காட்ட வேண்டும்.

இன்னொரு நுட்பமான வேறுபாடும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கத் தவறுவது இயல்பு. தமிழில் 'ஏமாற்றினான்' என்றால் யாரோ ஏமாந்துவிட்டார் என்றுதான் பொருள். 'என்னை ஏமாற்றினான், ஆனால் நான் ஏமாறவில்லை' என்பது இடறும்; 'ஏமாற்றப் பார்த்தான்' என்போம். டிசீவும் அப்படியே. பியென் அப்படியில்லை. 'அவன் என்னைப் பியென் பண்ணினான், நான் ஷாங்தாங் ஆகவில்லை', அதாவது வலையில் விழவில்லை, என்பது சீனத்தில் சாதாரண வாக்கியம். அந்த வினை முயற்சியைக் குறிக்கிறது. பலித்ததா இல்லையா என்பதை அடுத்து வரும் சொல் சொல்லும். இதே பழக்கத்தில் மாணவர் "ஹி டிசீவ்ட் மி, பட் ஐ டிட் நாட் பிலீவ் ஹிம்" என்று எழுதுகிறார். இலக்கணப்பிழை எதுவும் இல்லை, ஆனால் வாக்கியம் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. தமிழ் ஆசிரியருக்கு அது தவறு என்று உடனே பட்டுவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் சிவப்பு மையில் வட்டமிடுவதோடு நிறுத்திக்கொள்வார்.

நான்கு ஒட்டு வாக்கியங்கள்

அகராதிப் பொருளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வினைக்கும் பின்னால் ஒரு வாக்கியத்தை ஒட்டிப் பார்ப்பது பலன் தரும். ஒட்டுகிறதா, முரண்படுகிறதா என்பதே சோதனை. நான்கு போதும்: 'ஆனால் நான் நம்பவில்லை', 'அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை', 'அவர் வாயே திறக்கவில்லை', 'தெரியாமல் செய்துவிட்டார்'.

லைக்கு முதலாவது ஒட்டும். யாரும் நம்பாவிட்டாலும் பொய் பொய்தான். மற்ற மூன்றும் ஒட்டாது. இரண்டாவதில் மட்டும் ஒரு பிசிறு இருக்கிறது. லிண்டா கோல்மனும் பால் கேயும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், லை என்ற சொல்லுக்கு மூன்று கூறுகளை வைத்து ஆங்கிலம் பேசுவோரின் தீர்ப்பைச் சோதித்தார்கள்: செய்தி உண்மையல்ல, சொல்பவர் அதை உண்மையல்ல என்று நம்புகிறார், ஏமாற்றும் நோக்கம் இருக்கிறது. அதிக எடை பெற்றது நடுவில் இருப்பது. அடுத்தது நோக்கம். செய்தி நிஜத்தில் தவறா என்பதற்குத்தான் கடைசி இடம். பொய் என்று நினைத்துச் சொன்னது தற்செயலாக உண்மையாகிவிட்டால், அதையும் லை என்று சொல்லத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள். ஆகவே வகுப்பில் இரண்டாவது ஒட்டைப் போடும்போது 'உண்மை என்று அவருக்கே தெரியும்' என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

டிசீவுக்கு முதலாவது ஒட்டாது. இரண்டும் மூன்றும் ஒட்டும். உண்மையை மட்டும் பேசியும் ஏமாற்றலாம், பேசாமலும் ஏமாற்றலாம். நான்காவது, மனிதர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒட்டாது. இங்கேதான் அதன் இரண்டு பெயரடைகளும் பிரிகின்றன: டிசீட்ஃபுல் மனிதரின் குணம், டிசெப்டிவ் தோற்றத்தின் இயல்பு. ஆழமில்லாததுபோல் தெரியும் ஆறு டிசெப்டிவ். அதற்கு நோக்கம் கிடையாது. மாணவர்கள் இவ்விரண்டையும் மாற்றிப்போட்டு, ஆற்றுக்குக் கெட்ட எண்ணம் கற்பித்துவிடுகிறார்கள்.

மிஸ்லீடுக்கு முதலாவது மட்டுமே ஒட்டாது. பழைய வரைபடம் வழிதவறச் செய்யலாம், நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தையும் செய்யலாம். கூட்டத்தில் இதுதான் மென்மையான சொல், அதனாலேயே அரசியல்வாதிகளுக்குப் பிடித்த சொல்லும் இதுதான். ட்ரிக், ஃபூல் இரண்டும் டிசீவின் வழியில் போகின்றன. கேலியும் தந்திரமும் கலந்திருக்கும், நோக்கம் கட்டாயம்.

சீட்டை இந்த நான்கில் அடைக்கப் பார்க்கக் கூடாது. அதன் மையத்தில் இருப்பது விதி அல்லது உரிமை. தேர்வில், ஆட்டத்தில், வரியில், திருமணத்தில் இருக்கும் ஒப்பந்தத்தை மீறுவதே சீட். வாயே திறக்காமல், யாரையும் எதையும் நம்பவைக்காமல்கூட ஒருவர் தேர்வில் சீட் பண்ணலாம். சீனத்தில் இதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது, ட்ஸுவோபீ. அந்த இணையை முதலிலேயே இறுகக் கட்டிவிட்டால், சீட் பியெனோடு போய் ஒட்டிக்கொள்வது குறையும்.

இதே நான்கையும் பியெனுக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்றும் ஒட்டும், நான்காவது மட்டும் ஒட்டாது. லையைவிட அகலம், மிஸ்லீடோடு முதல் சோதனையிலும் நான்காவதிலும் பிரிவு, டிசீவோடு முதல் சோதனையிலேயே பிரிவு. இணைச்சொல் தேடி ஏன் ஓயாமல் தோற்கிறோம் என்பது மாணவருக்கு அப்போது விளங்கும்.

இனி பிரான்ஸ்டன். சொன்னது உண்மை என்று அவருக்கே தெரியும், ஆகவே கறாராகப் பார்த்தால் லை ஒட்டாது. வழக்கறிஞர் அடுத்த கேள்விக்கு நகர்ந்ததை வைத்து அவர் தவறான முடிவுக்கு வந்துவிட்டார் என்று கொண்டால் மிஸ்லீட் ஒட்டும். திட்டமிட்டுச் செய்தார் என்றும் கொண்டால் டிசீவும் ஒட்டும். ஒருவேளை வழக்கறிஞர் சந்தேகப்பட்டுக்கொண்டே விட்டுவிட்டிருந்தால்? அப்போது இரண்டும் விழுந்துவிடும், இவேட் மட்டும் நிற்கும். கேட்பவரின் நம்பிக்கையைப் பொறுத்து வினைச்சொல் மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் பிரான்ஸ்டனைப் பொய்யர் என்றே சொல்லும் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் உண்டு. அதைத் தவறு என்று மாணவர்களிடம் சொல்ல வேண்டாம். சட்டச் சொல்லான பெர்ஜரி மட்டும் பொருந்தாது என்பது முடிந்துபோன விஷயம்.

சொல்லுக்குப் பின்னால் வருவது

பொருள் புரிந்த மாணவரும் வாக்கியத்தில் விழும் இடங்கள் உண்டு. பியெனுக்கு ஆள் நேரடியாகச் செயப்படுபொருள். அதனால் "ஹி லைட் மி". இடையில் டு வேண்டும். தமிழில் 'என்னிடம் பொய் சொன்னான்' என்று வருவதால் தமிழ் மாணவர்கள் இந்தப் பிழையைச் செய்வது குறைவு. ஷுவோஹுவாங்கில் உள்ள ஷுவோ என்பது 'சொல்'. அதைப் பார்த்து "ஸே எ லை" என்கிறார்கள். லையும் ட்ரூத்தும் டெல்லோடுதான் போகும்.

பணம் வரும் இடம் இன்னும் மோசம். ஆயிரம் யுவான் ஏமாந்ததைச் சொல்ல "ஐ வாஸ் சீட்டட் எ தௌசண்ட் யுவான்" என்று எழுதுவார்கள், சீனத்தில் தொகை வினைக்குப் பின்னால் நேராக நிற்பதால். ஆங்கிலத்தில் அவுட் ஆஃப் நடுவே வந்தாக வேண்டும். சீட், பண மோசடியைக் குறிக்கும் கான், ஸ்விண்டில் மூன்றுக்கும் இதே அமைப்பு. அதே வகையான டிஃப்ராடுக்கு வெறும் ஆஃப். 'ஏமாற்றிச் செய்யவைத்தார்' என்பதற்கு டிசீவ், ட்ரிக், ஃபூல், மிஸ்லீட் நான்கும் இன்டு எடுத்து, அதன்பின் வினையின் இங் வடிவத்தைக் கேட்கும். சீட்டோடு ஆன் சேர்ந்தால் கதையே மாறிவிடும்: கணவர் "சீட்டட் மி" என்றால் காசு விவகாரம், "சீட்டட் ஆன் மி" என்றால் வேறொரு பெண். இந்த ஒரு முன்னிடைச்சொல்லை விட்டதால் வீட்டுச் சண்டையைச் சொத்துத் தகராறாக விவரித்துவிடுவார்கள்.

மான் என்ற சீன வினைக்கும் ஆள்தான் செயப்படுபொருள். 'என்னிடம் மறைக்காதே' என்பது மாணவர் கையில் "டோன்ட் ஹைட் மி" ஆகிவிடும், 'என்னை ஒளித்துவைக்காதே' என்று. மறைக்கும் பொருள் முதலில், ஆள் ஃப்ரம் போட்டுப் பின்னால். கன்சீல், வித்ஹோல்ட் (தராமல் வைத்துக்கொள்) இரண்டுக்கும் இதே வரிசை.

வடிவத்தில் இரண்டு பொறிகள். பொய் சொல்லும் லைக்கு இறந்தகாலம் லைட். படுத்திருக்கும் லைக்கு லே, லெய்ன். கீழே வைக்கும் லேக்கு லெய்ட். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே கடைசி இரண்டில் தடுமாறுவதால் அவற்றை இந்தப் பாடத்துக்குள் கொண்டுவரத் தேவையில்லை; லைட், லையிங் இரண்டையும் உறுதிப்படுத்தினால் போதும். மிஸ்லீடின் இறந்தகாலம் மிஸ்லெட் என்று ஒலிக்கும். ஈயத்தைக் குறிக்கும் லெட் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டு மனத்தில் இருப்பதால், இறந்தகாலத்திலும் நடுவே ஓர் ஏ எழுத்தைச் செருகிவிடுவார்கள்.

எவ்வளவு கனம்

சீனத்தில் நண்பரிடம் 'பியென் நீ த' என்று சிரித்தால் 'சும்மா சொன்னேன்' என்று அர்த்தம். அதை "ஐ லைட் டு யூ" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வராது. அங்கே வர வேண்டிய சொல் கிட், அதாவது விளையாட்டாகச் சொல்வது. அதேபோல், நம்ப முடியாத செய்தியைக் கேட்டதும் சீனத்தில் லேசாகச் சொல்லும் 'பொய்!' ஆங்கிலத்தில் "யூ ஆர் எ லையர்" ஆகிவிட்டால் அது நேரடி வசை. வினையாக இருக்கும்போது லை ஒரு செயலைக் குறை சொல்கிறது. லையர் என்று பெயராகும்போது ஆளையே முத்திரை குத்திவிடுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சக உறுப்பினரை அப்படி அழைக்க அனுமதி கிடையாது. அந்தத் தடையைச் சுற்றிப் போக ஆங்கிலத்தில் வளர்ந்த நாசூக்குத் தொடர்கள் ஏராளம். 1906இல் சர்ச்சில் 'கலைச்சொல் துல்லியமின்மை' என்ற பொருளில் ஒரு தொடரைப் பயன்படுத்தினார். 1986இல் சிட்னி நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், 'உண்மையைச் சிக்கனமாகக் கையாண்டது' என்ற தொடரைப் பிரபலமாக்கினார். உயர்நிலை மாணவர்களுக்கு இவை சுவையாக இருக்கும். கேட்டால் புரிந்தால் போதும், பேச வேண்டியதில்லை.

ஒயிட் லைக்கும் ஃபிப்புக்கும் அதிக நேரம் வேண்டாம். முன்னதற்கு 'நல்லெண்ணப் பொய்' என்று சீனத்திலேயே நேரான தொடர் உண்டு. பின்னது குழந்தைகளோடும் அற்ப விஷயங்களோடும் போகும் சொல். எந்தப் பொய் நல்லெண்ணப் பொய் என்பதில் மட்டும் கருத்து மாறுகிறது. காங் லீயும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் சீன, கனடியக் குழந்தைகளிடம் ஒரு கதையைச் சொல்லிக் கேட்டார்கள்: நல்ல காரியம் செய்த குழந்தை, ஆசிரியர் கேட்கும்போது 'நான் செய்யவில்லை' என்கிறது. வயது ஏற ஏறச் சீனக் குழந்தைகள் அந்தப் பொய்யை மேலும் சாதகமாகவும், 'நான்தான் செய்தேன்' என்ற உண்மையைக் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். தற்புகழ்ச்சி தவிர்ப்பது அங்கே அடக்கம். இதற்கு ஆங்கிலத்தில் பொய்க் கூட்டத்திலிருந்து எந்தச் சொல்லையும் எடுக்காமல் மாடஸ்ட் என்று தனியாகக் கொடுத்துவிடுவது உத்தமம்.

சட்டச் சொற்கள்

பெர்ஜரியைப் 'பெரிய பொய்' என்று கற்பிப்பது பரவலான தவறு. அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்ஸ்டன் மீது பாய்ந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப் பிரிவு 1621 கேட்பவை: சத்தியப்பிரமாணம் இருக்க வேண்டும்; விவகாரத்துக்கு முக்கியமான விஷயமாக இருக்க வேண்டும்; உண்மை என்று தானே நம்பாததை வேண்டுமென்றே சொல்லியிருக்க வேண்டும். உச்சத் தண்டனை ஐந்து ஆண்டு. அதே சட்டத்தொகுப்பில் இருக்கும் பிரிவு 1001க்குச் சத்தியப்பிரமாணமே வேண்டாம். அரசு விசாரணை அதிகாரியிடம் சொல்லும் தவறான கூற்றும், சூழ்ச்சியால் மறைப்பதும் அதில் அடங்கும். அமெரிக்கத் தொழிலதிபர் மார்த்தா ஸ்டுவர்ட் 2004இல் தண்டிக்கப்பட்டபோது குற்றங்களில் ஒன்று இந்தத் தவறான கூற்றுதான், பெர்ஜரி அல்ல.

இதற்குச் சீன அகராதி தரும் இணை வெய்ஜெங். சீனக் குற்றவியல் சட்டத்தின் 305ஆம் பிரிவு அதைக் குற்ற வழக்கு நடவடிக்கைக்குள் மட்டும் வைத்திருக்கிறது. சாட்சியோடு நிபுணர், பதிவாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்கிறது. பிரான்ஸ்டனுடையது திவால் விசாரணை. இணைச்சொல்லை நம்பி வழக்கைப் படிக்கும் மாணவர், இதற்கு எப்படி இந்தக் குற்றச்சாட்டு என்று கேட்பது நியாயமே.

சீட்டுக்கும் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியச் சட்டங்களில் சீட்டிங் என்பதே மோசடிக் குற்றத்தின் பெயர். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த 415, 420 என்ற எண்கள்கூட அங்கே அப்படியே இருக்கின்றன. நம் ஊரில் ஆளையே 'ஃபோர் ட்வென்டி' என்று சொல்லவைத்த அதே 420. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 வந்துவிட்டது, வசவு மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. 415இன்படி ஏமாற்றுதல் ஒரு படி, ஏமாந்தவரைச் சொத்தை ஒப்படைக்கத் தூண்டுவது அடுத்த படி. உண்மைகளை நேர்மையின்றி மறைப்பதும் ஏமாற்றுதலே என்று விளக்கமும் உண்டு. ஆகவே சிங்கப்பூர் மாணவர் பண மோசடிக்குச் சீட் என்று எழுதினால் திருத்தக் கூடாது. இங்கிலாந்தில் அதே விஷயத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஃப்ராட் என்று பெயர் வைத்திருக்கிறது.

வகுப்பில் நடத்தும் முறை

50 நிமிட வகுப்பு மூன்று வேண்டும், நடுவே சில நாள் இடைவெளியோடு. ஒரே நாளில் பத்துச் சொற்களைப் பட்டியலாகக் கொடுப்பது வேகமான வழிபோலத் தெரியும். அதுதான் மிக மோசமான வழி. பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் அவை ஒன்றையொன்று குழப்பிக் கற்றலைத் தாமதப்படுத்தும் என்று டிங்க்காம் 1993இலும், அதை மீண்டும் செய்துபார்த்த வேரிங் 1997இலும் காட்டினார்கள். முதல் வகுப்புக்கு லை, மிஸ்லீட் இரண்டு மட்டும். இரண்டாவதில் டிசீவ், கன்சீல், இவேட். மூன்றாவதில் சீட், கான், ஃப்ராட், பெர்ஜரி.

முதல் வகுப்பில் அந்த நான்கு வரிகளைத் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கொடுங்கள். இருவர் இருவராக உரக்கப் படிக்கட்டும். பிறகு சீனத்தில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். நேரம் வீண் என்று இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் உண்டு, தவிர்த்தால் பாடத்தின் உயிரே போய்விடும். "ஹாவ் யூ எவர்?" என்ற இரண்டாவது கேள்வியில் யூ (நீங்கள்) கண்ணுக்குத் தெரிகிறது. சீனத்தில் இயல்பாக மொழிபெயர்த்தால் எழுவாய் விழுந்துவிடும், 'முன்பு இருந்ததுண்டா?' என்று. எழுவாய் இல்லாத கேள்விக்குக் 'கம்பெனிக்கு இருந்தது' என்பது ஒழுங்கான பதில்போல ஆகிவிடுகிறது, நழுவல் மறைந்துபோகிறது. மேலே தமிழில் கொடுத்திருக்கும் உரையாடலிலும் இதுவேதான் நடந்திருக்கிறது. திரும்பப் படித்தால் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கில யூ ஒருமையா பன்மையா என்று தெரியாது. கம்பெனியின் சொத்தைத் தேடும் விசாரணையில் 'நீங்கள்' என்பது கம்பெனியைக் குறிக்கும் என்று பிரான்ஸ்டன் வாதிட இடம் இருந்தது. சீனத்தில் நீ, நீமென் என்று பிரித்தாக வேண்டும். மொழிபெயர்க்கும் மாணவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தெரியாமலே வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். யார் எதைத் தேர்ந்தார்கள் என்று பலகையில் எழுதிவைத்தால் விவாதம் தானாகவே தொடங்கும்.

அடுத்து ஜெனீவாக் கணக்கு விவரத்தைச் சொல்லிவிட்டு, 'பிரான்ஸ்டன் என்ன செய்தார்?' என்று ஒற்றை வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், முதலில் சீனத்தில், பிறகு ஆங்கிலத்தில். சீன வாக்கியங்களில் பியென் குவிந்தால் அப்போது ஒட்டு வாக்கியங்களை எடுக்கலாம். முன்கூட்டியே எடுத்தால் அது வெறும் இலக்கணப் பயிற்சியாக உலர்ந்துவிடும்.

இரண்டாவது வகுப்புக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் பேசப்படும் கடை உதாரணம் உதவும். கீழ்நீதிமன்றம் நடுவர் குழுவுக்கு ஓர் உதாரணம் சொல்லியிருந்தது: ஒரே நாளில் ஒரு கடைக்குள் 50 தடவை போனவரிடம் எத்தனை தடவை என்று கேட்டால், 'ஐந்து' என்கிறார். ஐம்பதுக்குள் ஐந்து அடங்கும், ஆகவே அதுவும் ஒருவகையில் உண்மைதானே? உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. எண்ணிக்கை கேட்ட கேள்விக்கு அப்பட்டமாகக் குறைத்துச் சொன்ன எண், கேள்வியோடு சேர்த்துப் பார்க்கும்போது உண்மை என்றே சொல்லலாமா என்பது பெரும் சந்தேகம். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதிலை அப்படிச் சோதிக்க வழியில்லை. 'ஐந்து' லை, 'சூரிக்' இவேட். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் என்று விளக்கத் தெரிந்த மாணவருக்குச் சொற்கள் பிடிபட்டுவிட்டன.

மூன்றாவது வகுப்புக்குத் துணைப்பாடமாக 1998 ஆகஸ்ட் 17 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொலைக்காட்சியில் ஆற்றிய சிறிய உரையைத் தரலாம். மோனிகா லெவின்ஸ்கியோடு தனக்கிருந்த உறவு பற்றிய தன் முந்தைய பதில்கள் சட்டப்படி துல்லியமானவை என்றார். மனைவி உட்பட மக்களை 'மிஸ்லெட்' செய்ததாக ஒப்புக்கொண்டார். 'லைட்' என்று சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபை சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று பெர்ஜரி. 1999 பிப்ரவரி 12 அன்று செனட்டில் அது 45க்கு 55 என்று தோற்றது. ஒரே மனிதரின் ஒரே நடத்தைக்கு அவர் ஒரு சொல்லும், எதிராளிகள் வேறொரு சொல்லும் ஏன் தேர்ந்தார்கள் என்று மாணவர்கள் எழுதலாம். கட்சிச் சண்டை வகுப்புக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது ஆசிரியர் பொறுப்பு.

தேர்வு வைக்கும்போது கோடிட்ட இடம் நிரப்பும் வினாக்களைத் தவிர்க்கவும். 'தி சேல்ஸ்மேன் ____ மி' என்ற இடத்தில் ஐந்து சொற்கள் இலக்கணப்படி பொருந்தும், மதிப்பெண் தகராறாகிவிடும். அதற்குப் பதில் மூன்று வரிச் சூழல் ஒன்று, அதன்கீழ் ஒரு சாய்வு எழுத்து வினை, 'இது ஏன் இங்கே செல்லாது?' என்ற கேள்வி. விடை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். பத்துக் கேள்வி, கேள்விக்கு இரண்டு மதிப்பெண்: சரியான காரணத்துக்கு ஒன்று, மாற்றுச் சொல்லை அதன் முன்னிடைச்சொல்லோடு சரியாக எழுதினால் ஒன்று. முன்னிடைச்சொல் விடுபட்டால் அரை மதிப்பெண் தர வேண்டாம். 'சீட்டட்', 'சீட்டட் ஆன்' வேறுபாட்டுக்குப் பாதி மன்னிப்பு கிடையாது.